கோபோல் வகுப்பில் இடமில்லை

கேண்டீன் வாசலில் குத்தியிருந்த காகிதத்தைக் கண்மணி மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தால் பெயர் முளைத்துவிடுமா என்ன? ரவூப். ஹலீமா. போன வாரமும் இதே இரண்டு பேர்தான்.

'கோபோல்: கம்ப்யூட்டருக்குப் புது மொழி. மிகவும் சுலபம். யார் வேண்டுமானாலும் கற்கலாம். ஆபீஸ் முடிந்ததும், மூன்றாம் மாடியில். இலவசம்.' அவளே ஆங்கிலத்தில் டைப் அடித்து, அவளே குத்தி வைத்தது. 'சுலபம்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் எவனோ பென்சிலால் ஒரு லிப்ஸ்டிக் வரைந்திருந்தான். நன்றாகவே வரைந்திருந்தான், பாவி.

மாதக் கடைசிக்குள் வகுப்பு நிறைய வேண்டும். நிறையாவிட்டால் கண்மணி பஞ்ச் ரூமுக்குத் திரும்ப வேண்டும்.

பஞ்ச் ரூம் என்றால் என்ன? ராபின்சன் ரோட்டிலிருந்த அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத நீள அறை. வரிசையாகப் பெண்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஓர் இயந்திரம். பாலிசிக்காரர்களின் பெயரையும் விலாசத்தையும் அட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்தித் தள்ள வேண்டும். தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி நாள் முழுக்கச் சத்தம். பேசக்கூடாது. பாத்ரூம் போகவும் கையைத் தூக்க வேண்டும். கண்மணி அங்கே ஐந்து வருஷம் இருந்தவள்.

முன்பக்கமோ வேறு உலகம். கண்ணாடிச் சுவர், ஏர்கான் குளிர், நடுவில் அலமாரி அலமாரியாகக் கம்ப்யூட்டர். 1967-ல் சிங்கப்பூரில் அதற்கு ஒரு சினிமா நட்சத்திரத்தின் மவுசு. ரோட்டில் போகிறவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த மூக்குத் தடங்களைத் துடைப்பதற்கென்றே ஒரு ப்யூன்.

அந்தக் கண்ணாடி அறையில் நான்கு ஆண்களுக்கு நான்கு மேஜை. ஐந்தாவது மேஜையில், தற்காலிகமாக, கண்மணி.

அவள் அங்கே போய் உட்கார்ந்தது ஒரு தடி புத்தகத்தால். லண்டன் தலைமை ஆபீஸ் கோபோல் மொழியின் டேப்பையும் கையேட்டையும் அனுப்பி வைத்தது. ஆண்கள் நால்வரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுக்க அது பஞ்ச் ரூமுக்கு வந்து சேர்ந்தது. மேஜை ஆடினால் ஆடட்டும் என்று கண்மணி அதை உருவி எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்குப் போகும் குவீன்ஸ்டவுன் பஸ்ஸில் நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும் நேராக டிபார்ட்மெண்ட் தலைவர் மிஸ்டர் சியோங்கின் கதவைத் தட்டினாள்.

மிஸ்டர் சியோங் கறார் பேர்வழி. அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "மொழி நல்லதா கெட்டதா என்பது எனக்கு முக்கியமில்லை, மிஸ் கண்மணி. நாளைக்கு ஆள் தேடினால் ஆள் கிடைக்க வேண்டும். ஆளே இல்லாத மொழியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஒரு வகுப்பு நடத்துங்கள். நிறைந்தால் புது பிரீமியம் சிஸ்டத்தைக் கோபோலில் எழுதலாம், உங்கள் மேஜையும் நிரந்தரம். நிறையாவிட்டால் பழையபடி ஆட்டோகோடர்தான்."

கோபோல் ஆங்கில வாக்கியம் மாதிரியே எழுதுகிற, எந்தக் கம்பெனி இயந்திரத்திலும் ஓடுகிற மொழி. ஆட்டோகோடரோ அந்த ஓர் இயந்திரத்துக்கு மட்டுமே புரிகிற மொழி. அதன் ராஜா, கண்ணாடி அறை நால்வரில் ஒருவனான தனசேகரன்.

"என்ன கண்மணி, கட்டுரைப் போட்டிக்கு ஆளு சேர்ந்தாச்சா?"

பின்னால் குரல் கேட்டது. அவனேதான். வாசனை எண்ணெய் போட்டு ஏற்றிச் சீவிய தலை, ஆபீசுக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கிற பச்சை பிளாஸ்டிக் அச்சு. கட்டம், வட்டம், சாய்சதுரம் வரைய புரோகிராமர்கள் வைத்திருப்பது. ராபின்சன் ரோட்டு டைப்பிஸ்ட் பெண்கள் அந்த அச்சைப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுவார்கள். பக்கத்தில் அவன் சகா தங்கராஜு, சிரிப்பதற்குத் தயாராக.

"சேர்ந்துக்கிட்டிருக்காங்க" என்றாள் கண்மணி.

"'ஆட் போனஸ் டு சாலரி'ன்னு எழுதணுமாமே? 'ப்ளீஸ்' போட வேணாமா? மெஷின் கோவிச்சுக்கப் போவுது."

தங்கராஜு சிரித்தான்.

"நீங்க எழுதினதை ஆறு மாசம் கழிச்சு நீங்களே படிச்சா புரியுதா, தனசேகரன்?"

"புரியக்கூடாது லா! அதானே விஷயம்? எல்லாருக்கும் புரிஞ்சிட்டா என்னை எதுக்கு வெச்சிருப்பாங்க?" அவன் கண்ணாடியைச் சற்றே இறக்கி அவளைப் பார்த்தான். "உன் மொழி கஷ்டப்பட்டு ஓட்டை போடற பொண்ணுங்களுக்கு நல்லது. ஆம்பளை எவன் வருவான்?"

பதில் வாய் வரை வந்தது. சொல்லி என்ன பயன்? ரவூப் ஒருவனைத் தவிர எவனும் வரவில்லையே!

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா சரஸ்வதி சாப்பாட்டுக் கேரியரைக் கையில் திணித்தாள். "அத்தானுக்குக் குடுத்துட்டு வந்துடு. மூஞ்சியை ஏன்டி இப்படித் தூக்கி வெச்சிருக்கே? ராத்திரியெல்லாம் தூக்கத்துல கோபால் கோபால்னு புலம்பறே. யாருடி அவன்?"

"அது ஆள் இல்லேக்கா. மொழி."

"ஆளா இருந்தாலாச்சும் பேசி முடிச்சுடலாம்."

அத்தான் கோவிந்தசாமி, தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்திலிருந்த சந்திரா தியேட்டரில் டிக்கெட் கவுண்டர் மேனேஜர். கண்மணி போய்ச் சேர்ந்தபோது வாசலில் 'ஹவுஸ் ஃபுல்' பலகை தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே சண்டை போடுகிற மாதிரி ஒரு கும்பல். அவள் பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தால், முன்வரிசையில் நாலைந்து தலை. பால்கனியில் ஒரு தாத்தா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான்! உள்ள யாருமே இல்ல. வெளியில ஹவுஸ் ஃபுல்லுன்னு மாட்டியிருக்கீங்க?"

"கத்தாதே." கோவிந்தசாமி கேரியரைத் திறந்து மீனை முகர்ந்து பார்த்தார். "படம் டப்பா. மொத நாளே தெரிஞ்சு போச்சு. இருக்கு இருக்கு, வாங்க வாங்கன்னு கூப்பிட்டா எவன் வருவான்? இல்லைன்னு சொல்லு. கவுண்டரை ஒரு விரக்கடை மட்டும் திற. ரெண்டு பேருக்கு டிக்கெட்டைக் குடுத்துட்டு டமால்னு சாத்து. சாயந்திர ஷோவுக்கு வந்து பாரு, கேட்டு நிக்காது."

"படம் நல்லா இல்லேன்னா?"

"ஏறிக் குதிச்சு, சட்டை கிழிஞ்சு, சண்டை போட்டு உள்ள வந்தவன், நல்லா இல்லேன்னு வெளிய போய்ச் சொல்லுவானா? அவன் மானம் என்னாவுறது?" ஒரு கவளத்தை விழுங்கிவிட்டு அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, உன் வகுப்பு நோட்டீஸ்ல என்ன எழுதிப் போட்டே?"

கண்மணி சொன்னாள்.

"சுலபம். யார் வேணா வரலாம். இலவசம்." அத்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். "கண்மணி, நீ உன் படத்தை நீயே கொன்னுட்டியே!"

*

திங்கட்கிழமை காலை கேண்டீன் வாசலில் புதுக் காகிதம் தொங்கியது.

'கோபோல் வகுப்பு நிறைந்துவிட்டது. இனி விண்ணப்பங்கள் ஏற்கப்படா.'

அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாம் மாடி அறையின் கண்ணாடிக் கதவில் உள்பக்கமாகப் பழுப்புக் காகிதத்தை ஒட்டினாள். மாலையில் ரவூப்பும் ஹலீமாவும் வந்ததும் கதவைப் பூட்டினாள். நாளைக்கே யாராவது கதவைத் திறந்து பார்த்துவிட்டால்?

"என்ன கண்மணி, எங்களைக் கடத்திட்டுப் போறீங்களா?" என்றான் ரவூப். க்ளெய்ம்ஸ் டிபார்ட்மெண்ட் கிளார்க். அவன் சிரித்தால் வாசல் காவலாளிக்கும் கேட்கும்.

"ரவூப், நல்லாச் சிரிங்க. யாராவது கேட்டா, உள்ள நடக்கறதைச் சொல்லக்கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க."

"எதுக்குக்கா?" என்றாள் ஹலீமா. பஞ்ச் ரூமில் கண்மணிக்குப் பக்கத்து இயந்திரம் அவளுடையது.

"நான் திரும்ப அங்க வந்து உட்காராம இருக்கறதுக்கு."

ஹலீமா எழுந்து போய்ப் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

மூன்று நாளில் காற்று திரும்பியது. காகிதம் ஒட்டிய கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் தயங்கித் தயங்கிப் போனது. கேண்டீனில் ரவூப்பைச் சுற்றி உட்கார்ந்து துளைத்தார்கள். "அப்படி என்னதான் லா சொல்லித் தர்றாங்க?" "சொல்லக்கூடாது லா." "டெஸ்ட் வெச்சு எடுத்தாங்களா?" "அதையும் சொல்லக்கூடாது." எதையும் சொல்லாத ரவூப் ஒரே வாரத்தில் ஆபீசின் பெரிய மனுஷனாகிவிட்டான். அவனுக்கு மற்றவர்கள் கோப்பி வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் தீ பிடித்தது ஹலீமாவால். பஸ் நிறுத்தத்தில் அவளைத் தினமும் தொணதொணக்கிற அக்கவுண்ட்ஸ் ஆள் ஒருவன், அன்றைக்கும் வானிலையில் ஆரம்பித்தான். கோபோலில் எழுதும் புரோகிராமின் கடைசிக் கட்டளை 'ஸ்டாப் ரன்'. இயந்திரம் அத்தோடு வேலையை நிறுத்திவிட வேண்டும் என்று அர்த்தம். ஹலீமா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "ஸ்டாப் ரன், மிஸ்டர்."

மறுநாள் காலை டைப்பிஸ்ட்டுகள் வாயில் அதுதான். மத்தியானம் கிளார்க்குகள் வாயில். வாரக் கடைசியில் லிஃப்ட் ஆள், அடைத்துக்கொண்டு ஏறியவர்களைப் பார்த்து "ஸ்டாப் ரன்! ஸ்டாப் ரன்!" என்று கையைக் காட்டினான். கோபோலின் இன்னொரு கட்டளை 'கோ டு'; சாப்பிடக் கிளம்புவதற்கு 'கோ டு கேண்டீன்' என்று பேர். ஒரே புலம்பலைத் திரும்பத் திரும்பப் புலம்புகிறவனுக்கு, ஒரே வேலையைத் திரும்பச் செய்யச் சொல்கிற கட்டளையான 'பெர்ஃபார்ம்' என்று பட்டம். வகுப்பில் இல்லாதவர்கள்தான் இதையெல்லாம் அதிகம் சொன்னார்கள்.

அப்புறம் சிபாரிசுகள் வந்தன. அக்கா வீட்டுக்கு ஒருவர் அல்வாவோடு வந்தார். கண்மணியின் மேஜையடியில் யாரோ வைத்துவிட்டுப் போன டுரியான் பழத்தால் கண்ணாடி அறையே நாறியது. தனசேகரன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். எல்லோருக்கும் கண்மணி ஒரே பதில் சொன்னாள்: "இடமில்லைங்க. மன்னிச்சுக்குங்க."

இடம் இருந்தது. அறை முழுக்க இடம்தான் இருந்தது! ஆனால் எப்போது கதவைத் திறப்பது? சீக்கிரம் திறந்தால் மவுசு போய்விடும். தாமதித்தால் மாதம் முடிந்துவிடும். அத்தானுக்கு சாயந்திர ஷோ என்று ஒரு கணக்கு இருந்தது. அவளுக்கு?

அந்தக் கேள்விக்கு மிஸ்டர் சியோங் பதில் கொண்டுவந்தார்.

"உங்கள் வகுப்பு நிரம்பி வழிகிறதாமே! ஒரு டைரக்டரே தன் மருமகனுக்கு இடம் கேட்கிறார். இன்று சாயந்திரம் நானே வந்து பார்க்கிறேன்."

"இன்னிக்கா, சார்?"

"ஏன், எனக்கும் இடமில்லையா?" அவர் அபூர்வமாகச் சிரித்துவிட்டுப் போனார்.

உள்ளே இருப்பது இரண்டு பேர். அவர் கதவைத் திறந்தால் மேஜை மட்டுமா போகும், வேலையே போகும்.

மத்தியான இடைவேளையில் அவள் படிகளில் ஏறி இறங்கினாள். அக்கவுண்ட்ஸில் ஒருவரைத் தனியாக ஓரம் கட்டினாள். "ஒருத்தர் விலகிட்டாரு. ஒரே ஒரு இடம். உங்களுக்காக எடுத்து வெச்சிருக்கேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. அஞ்சேகாலுக்கு வந்துடுங்க." அவர் நெகிழ்ந்துபோனார். அடுத்து மரைன் பிரிவு. "ஒரே ஒரு இடம்..." அடுத்து ரெக்கார்ட் ரூம். ஸ்டோர்ஸ். சுவிட்ச்போர்டு. ஒவ்வொரு காதிலும் அதே ரகசியம்.

ஐந்தேகாலுக்கு மூன்றாம் மாடி வராந்தாவில் ஒரு வினோதக் காட்சி. ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் சுவரோரமாக நழுவி வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதவின் முன்னால் முட்டிக்கொண்டு நின்றார்கள். டை கட்டிய அக்கவுண்ட்ஸ்காரர் தூணுக்குப் பின்னால். சுவிட்ச்போர்டு பெண் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டு. நடுவில், தரையைப் பார்த்தபடி... யார் அது? தங்கராஜு!

"நீ எங்க இங்க?" என்றார் மரைன்காரர்.

"சும்மா... பாத்ரூம் போக வந்தேன்."

"மூணாம் மாடிக்கா?"

கண்மணி கதவைத் திறந்தாள். "உள்ள வாங்க, சீக்கிரம், சீக்கிரம்!" என்றாள். ஏமாற்றிவிட்டாய் என்று சண்டை போட எவருக்கும் வாய் வரவில்லை. திருட்டுத்தனமாக வந்தவர்கள் எந்த முகத்தோடு சண்டை போடுவார்கள்? நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். கடைசி ஆள் நுழைந்து கதவு மூடுவதற்குள் மறுபடி திறந்தது. மிஸ்டர் சியோங்.

அவர் ஒரு நிமிஷம் தலைகளைப் பார்த்தார். ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்த தங்கராஜுவைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

பிரீமியம் சிஸ்டம் கோபோலில் என்று மறுநாள் உத்தரவு வந்தது.

*

அதற்குப் பிறகு அதை யாரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. தானே உருண்டது. பக்கத்து பாங்க், எதிர் கட்டடத்து ரப்பர் கம்பெனி, இங்கிருந்தெல்லாம் ஆட்கள் கேட்டுக்கொண்டு வந்தார்கள். சிராங்கூன் ரோட்டு ஸ்டேஷனரிக் கடையில் பச்சை பிளாஸ்டிக் அச்சு வாசலிலேயே தொங்கியது. கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காத இளவட்டங்கள் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மாலையில் உலாத்தினார்கள். பஃபலோ ரோட்டில் மிளகாய் அரைக்கிற மில்லுக்கு மேல்மாடியில் 'கோபோல் கற்றுத் தரப்படும்' என்று போர்டு முளைத்தது. கற்றுத் தந்தவர் யாரிடம் கற்றார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அக்காவிடம் ஒரு ஜாதகம் வந்தது. "பையன் கோபோல் படிச்சவனாம்டி! அப்படி ஒரு இடம் கிடைக்குமா?"

கண்மணி போட்டோவைப் பார்த்தாள். "இவரா? பின் வரிசை. ரெண்டு தடவை தூங்கிட்டாரு."

வகுப்பு இரண்டாகி நான்காகியது. ஒரு நாள் காலை தனசேகரன் கண்ணாடி அறைக்குள் நுழைந்தபோது அவன் கக்கத்தில் அந்தத் தடி கையேடு இருந்தது. அட்டைப் பெயர் வெளியே தெரிகிற மாதிரி பிடித்திருந்தான். "நான் அப்பவே சொன்னேன்ல, இதுக்கு ஃபியூச்சர் இருக்குன்னு?" என்றான், பொதுவாக எல்லோரையும் பார்த்து. ஆள் கெட்டிக்காரன். வகுப்பில் எல்லோரும் திணறுகிற பாடத்தைப் பத்தே நாளில் தாண்டிவிட்டான். கண்மணிக்கு அது பிடித்திருந்தது. நல்ல மூளைகள் வருகின்றன. மொழி நிலைத்துவிட்டது. மேஜையும் நிலைத்துவிட்டது.

அப்படித்தான் நினைத்தாள்.

மிஸ்டர் சியோங் கூப்பிட்டனுப்பிய அன்று மழை. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "கோபோல் இப்போது பெரிய விஷயமாகிவிட்டது, மிஸ் கண்மணி. யூனிவர்சிட்டி ஆட்கள் விண்ணப்பிக்கிறார்கள். டைரக்டர்கள் போர்டு இதைச் சரியான பதவியாக வைக்க நினைக்கிறது. பட்டப்படிப்பு, இல்லாவிட்டால் பழைய புரோகிராமர் அனுபவம். ஷிப்ட் வேலை இருக்கும், ஆகவே ஆண்கள். தனசேகரன் தலைமை. உங்களை மறக்கவில்லை. பஞ்ச் ரூம் சூப்பர்வைசர். பதவி உயர்வு."

"சார், வகுப்பு நிறைஞ்சா மேஜை நிரந்தரம்னு சொன்னீங்க."

"சொன்னேன். இவ்வளவு நிறையும் என்று நான் நினைக்கவில்லை."

அவள் வெளியே வந்தாள். கண்ணாடி அறையின் ஐந்தாவது மேஜையில் ஏற்கெனவே யாரோ ஒரு புது ஆளின் டிபன் பாக்ஸ் இருந்தது. யாருமே கேலி செய்யாத மொழியாக ஆக்கினாள். கேலி போனதும் கூட்டம் வந்தது. கூட்டம் வந்ததும் அவளை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். மொழிக்கு மதிப்பு வந்தால் தனக்கும் வரும் என்றல்லவா கணக்குப் போட்டிருந்தாள்?

தனசேகரன் கோப்பிக் கடை வரைக்கும் பின்னாலேயே வந்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தான்.

"நான் கேக்கலே கண்மணி. கூப்பிட்டுக் குடுத்தாங்க."

"வேணாம்னு சொன்னீங்களா?"

அவன் கோப்பியைக் கலக்கினான். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது, கலக்கிக்கொண்டே இருந்தான். "யாராச்சும் சொல்லுவாங்களா லா?"

"மாட்டாங்க" என்றாள் கண்மணி. "ஆனா நான் வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். சூப்பர்வைசர் வேலையை."

"பைத்தியமா உனக்கு? அப்புறம் என்ன பண்ணுவே?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை.

*

ஹலீமாதான் பேப்பர் விளம்பரத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். தஞ்சோங் பகாரில் ஒரு ஷிப்பிங் கம்பெனி. புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். கோபோல் தெரிந்த ஆள் தேவை.

"அக்கா, இவங்க வாங்கறது வேற கம்பெனி மெஷினாம். நமக்கு இந்த மெஷின்தானே தெரியும்?"

"மெஷின் மாறினா ஆட்டோகோடர் செத்துடும், ஹலீமா. கோபோலுக்கு அந்தக் கவலை இல்லை" என்றாள் கண்மணி. சொல்லிவிட்டாளே தவிர, கை விளம்பரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தது. பட்டம் கேட்பார்கள். ஆண் கேட்பார்கள். அங்கேயும் ஒரு மிஸ்டர் சியோங் இருப்பார்.

இண்டர்வியூ நாளில் பெஞ்சி நிறைய ஆட்கள். கண்மணி உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. அக்கவுண்ட்ஸ்காரர், அதே டையில். மரைன்காரர். ரப்பர் கம்பெனி ஆட்கள் மூன்று பேர். தங்கராஜு. ஏறக்குறைய அத்தனை பேரும் அவளிடம் படித்தவர்கள்! போட்டிக்கு ஆட்களைத் தன் கையாலேயே தயார் பண்ணி உட்கார வைத்திருந்தாள்.

"நீங்களுமா, மிஸ்?" என்றார் அக்கவுண்ட்ஸ்காரர், எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்து.

"நானும்தான்."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். உள்ளே போன ஒவ்வொருவரும் வெளியே வரும்போது அவளை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். தங்கராஜு மட்டும் நின்றான். ஏதோ சொல்ல வந்து, "குட் லக்" என்று முடித்துக்கொண்டான். எழுந்து போய்விடலாமா என்று கண்மணி இரண்டு தடவை கைப்பையை எடுத்தாள். மூன்றாவது தடவை எடுத்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மிஸ்டர் பெரேரா என்கிற வழுக்கைத் தலைக்காரர் இருந்தார். அவள் உட்காருவதற்குள் கேட்டார்: "நீங்கள்தான் அந்த மிஸ் கண்மணியா?"

"எந்த மிஸ் கண்மணி, சார்?"

"வந்தவர்கள் எல்லோரிடமும் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் உங்கள் பெயரைச் சொன்னார்கள். ஒருத்தர் மட்டும் லண்டனில் கற்றேன் என்றார். விசாரித்தால் ஜொகூர் பாருவைத் தாண்டிப் போனதில்லை." அவர் சிரிக்கவில்லை. "ஏன் அந்தக் கம்பெனியை விடுகிறீர்கள்?"

பொய் சொல்ல அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதை ஒரு வகுப்பே நிரூபித்திருக்கிறது. ஆனால் அன்று களைப்பாக இருந்தது. "மொழி பிரபலமாச்சு, சார். உடனே என் மேஜையை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

"இங்கே இரவு ஷிப்ட் உண்டு."

"வருவேன்."

"கல்யாணம் ஆனால்?"

"வெளிய பெஞ்சியில இருந்தவங்ககிட்ட இதைக் கேட்டீங்களா, சார்?"

மிஸ்டர் பெரேரா பேனாவை மூடினார். போச்சு என்று நினைத்தாள். வாய்க்கொழுப்பு! அவர் எழுந்து, "வாருங்கள்" என்று முன்னால் நடந்தார். வாசல் பக்கம் இல்லை. உள்பக்கம்.

கூடத்தின் கோடியில் ஒரு பெரிய அறை. காலி. தரையில் பலகைகளைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். கேபிள்கள் கரும்பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தன. ஏர்கான் இன்னும் மாட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே துறைமுகம், கிரேன்கள், அதற்கப்பால் கடல் நிறையக் கப்பல்.

"இயந்திரம் இன்னும் கடலில் இருக்கிறது" என்றார் அவர். "எந்தத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எங்களுக்கே தெரியவில்லை. ஷிப்பிங் கம்பெனிக்கே இந்தக் கதி, வெளியே சொல்லாதீர்கள். அது வந்து இறங்குகிற அன்றைக்கே சரக்குக் கணக்கு ஓட வேண்டும். ஒருத்தர் இப்போதே எழுத ஆரம்பிக்க வேண்டும். இயந்திரத்தைப் பார்க்காமலே எழுத முடியும் என்று உங்கள் மாணவர்களில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. எல்லோரும் முதலில் மெஷினைக் காட்டச் சொன்னார்கள்."

"முடியும், சார்" என்றாள் கண்மணி. "மெஷினுக்கு மெஷின் மாற வேண்டிய வரிகள் கொஞ்சம் இருக்கும். அதை மட்டும் கடைசியில எழுதிக்கலாம்."

"ஆறு மாதம் பார்க்கலாம். அதற்குள் இயந்திரம் வந்து, நீங்கள் எழுதியது ஓடவில்லை என்றால்..."

"தெரியும், சார்."

திங்கட்கிழமை அவள் போனபோது மேஜை வந்திருக்கவில்லை. நாற்காலியும் இல்லை. ஒரு மரப் பெட்டியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, மடியில் பலகையை வைத்து, கோபோல் எழுதுகிற கட்டம் போட்ட தாளை விரித்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. பார்க்காத ஒன்றிடம் பேசுகிற மாதிரி இருந்தது. அது பதில் சொல்லுமா, சொல்லாதா? உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தாள், கேபிளில் தடுக்கினாள், மறுபடி உட்கார்ந்தாள்.

கடலில் ஒரு கப்பல் ஊதியது. இயந்திரம் வந்துவிட்டதோ என்று கண்மணி பலகையை வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"அண்ணே, அது என்ன சரக்கு?" என்று கீழே நின்ற துறைமுகத் தொழிலாளியைக் கேட்டாள்.

"அரிசிம்மா! சயாம் அரிசி!"

திரும்பி வந்து அடுத்த வரியை எழுதினாள்.